இன்று எதை இடுப்பில் செருகுவது? மறைத்துத் துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களின் தேர்வும் சுழற்சியும்

அமெரிக்காவில் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பர்ஸ், சாவி, செல்போனோடு ஒரு கைத்துப்பாக்கியையும் எடுத்துக்கொள்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். போலீஸ்காரர்களையோ தனியார் காவலாளிகளையோ சொல்லவில்லை. கணக்கு எழுதுகிறவர், பல் மருத்துவர், குழாய் ரிப்பேர் செய்கிறவர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று சாதாரண ஆட்கள்தான். சட்டைக்கு அடியில், பேன்ட்டின் உள்பக்கம், வெளியே தெரியாதபடி ஒரு உறையில் அது இருக்கும். இதை அங்கே 'கன்சீல்டு கேரி' என்கிறார்கள்.

இவர்களில் ஆர்வம் கொஞ்சம் முற்றியவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. அதற்குப் பெயர் 'ரொட்டேஷன்'. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, அலுவலகத்துக்குச் சட்டையை உள்ளே விட்டுப் போகும் நாளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை நடைக்கு ஒன்று என்று துப்பாக்கிகளை மாற்றி மாற்றி எடுத்துப் போவது. கைக்கடிகாரம் சேர்ப்பவர்கள் வாரத்துக்கொன்று கட்டிக்கொள்வார்களே, அதே மனநிலைதான். சில வீடுகளில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும்.

யாரால் ஆபத்து வரும், எங்கே வரும் என்பதை வைத்துத்தான் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அது கடைசியாக வரும் காரணம். மாநிலச் சட்டம், வெயில், துணி, கையின் அளவு, அலுவலக விதி ஆகியவையே முதலில் தீர்மானிக்கின்றன. சுழற்சிப் பழக்கத்தைப் பற்றி என் கணிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்கு அது பாதுகாப்பைக் கூட்டவில்லை, குறைக்கிறது. காரணம் துப்பாக்கியில் இல்லை, கையில் இருக்கிறது. அதற்கு வருவதற்குமுன் இவ்வளவு பேர் எப்படி இந்த வழக்கத்துக்கு வந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

சட்டம் திறந்துவிட்ட சந்தை

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் சாதாரண ஆள் மறைத்துத் துப்பாக்கி வைத்திருக்க முடியாது, அல்லது உள்ளூர் போலீஸ் தலைவரின் தயவு வேண்டும். நியூயார்க்கில் 1911இல் வந்த சல்லிவன் சட்டம் இதற்குப் பெயர்போனது. உரிமம் வேண்டுமென்றால் தக்க காரணம் காட்ட வேண்டும். எது தக்க காரணம் என்பதை அதிகாரி முடிவு செய்வார். பணக்காரர்களுக்கும் செல்வாக்குள்ளவர்களுக்கும் காரணம் சுலபமாகக் கிடைத்தது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வெர்மான்ட் மாநிலம் மட்டும் எப்போதும் தனி வழி. அங்கே உரிமம் என்ற ஒன்றே இருந்ததில்லை.

1987இல் ஃப்ளோரிடா கொண்டுவந்த சட்டம் காற்றைத் திருப்பியது. குற்றப் பின்னணி இல்லாமல், பயிற்சி முடித்து விண்ணப்பிக்கிறவருக்கு உரிமம் தந்தே ஆக வேண்டும், அதிகாரியின் விருப்பத்துக்கு இடமில்லை என்றது அது. அதே மாதிரிச் சட்டங்கள் மற்ற மாநிலங்களிலும் வரிசையாக வந்தன. டெக்சாஸில் 1995இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். கடைசி வரை தாக்குப்பிடித்த இல்லினாய், மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை ரத்து செய்ததால் 2013இல் வழிக்கு வந்தது. 2022 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ப்ரூயென் வழக்கில், நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய 6-3 தீர்ப்பில், நியூயார்க்கின் நூறாண்டு பழைய 'தக்க காரணம்' விதியையே தூக்கியெறிந்தது. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, மேரிலாண்ட் போன்ற மாநிலங்களின் விதிகளும் அதோடு ஆட்டம் கண்டன.

இன்னொரு பக்கம், உரிமமே வேண்டாம் என்ற போக்கு வளர்ந்தது. 2003இல் அலாஸ்கா, 2010இல் அரிசோனா என்று தொடங்கி, 2024 முடிவில் இப்படிப்பட்ட மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர், அந்தந்த மாநிலத்தின் வயது வரம்பைத் தாண்டியிருந்தால், எந்தச் சீட்டும் இல்லாமல் மறைத்து எடுத்துப் போகலாம்.

இதில் நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகு நிலைமை வேறு. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டில்லாமல் வைத்திருக்கிறார் என்பதை வைத்து நமக்கும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது.

2023இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கருத்துக்கணிப்பில், துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் தற்காப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். வேட்டைக்கு என்று சொன்னவர்கள் அதில் பாதிகூட இல்லை. சந்தை எங்கே நகர்ந்துவிட்டது என்பதற்கு இது போதும்.

சிறிதாகிக்கொண்டே வந்த ஆயுதம்

மறைக்கக்கூடிய துப்பாக்கி புதிதல்ல. பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்த உள்ளங்கை அளவுத் துப்பாக்கியிலிருந்துதான் 1865இல் லிங்கன்மேல் குண்டு பாய்ந்தது. ஒரே தோட்டா, அவ்வளவுதான். அதன்பின் மறைத்து வைத்திருப்பவர்களின் கருவியாக ஏறக்குறைய முழு இருபதாம் நூற்றாண்டும் இருந்தது குட்டைக் குழல் ரிவால்வர், அதாவது சுழலும் உருளையில் தோட்டாக்களைப் போடும் வகை. 1927இல் கோல்ட் நிறுவனம் டிடெக்டிவ் ஸ்பெஷலைக் கொண்டுவந்தது. இரண்டு அங்குலக் குழல், ஆறு தோட்டா. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதைவிடச் சிறிய சீஃப்ஸ் ஸ்பெஷலை இறக்கியது. ஒரு தோட்டாவை விட்டுக்கொடுத்து உருளையை ஒல்லியாக்கினார்கள். அந்தக் குடும்பத்துக்கு 'ஜே ஃப்ரேம்' என்று பெயர். அதன் வாரிசுகள் இன்றும் விற்கின்றன. அலுமினிய உடம்புகொண்ட 642 மாதிரி அரைக் கிலோகூட இல்லை. சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது.

பிஸ்டல் பக்கம் வந்தால், அதாவது தோட்டாக்களை அடுக்கிய மேகசின் என்ற பெட்டியைக் கைப்பிடிக்குள் செருகும் வகையில், திருப்பத்தை உண்டாக்கியது ஒரு தடைச் சட்டம் என்பது வேடிக்கை. 1994இல் கிளின்டன் காலத்துத் தாக்குதல் ஆயுதத் தடைச் சட்டம், புதிதாகத் தயாராகும் மேகசின்களில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது என்றது. 17 தோட்டா பிடிக்கும் பெரிய பிஸ்டலில் 10 மட்டுமே போட முடியுமென்றால் அந்தப் பெரிய உடம்பு எதற்கு? 10 தோட்டாவுக்கு வேண்டிய அளவே பிஸ்டல் இருந்தால் போதும் என்று தயாரிப்பாளர்கள் யோசித்தார்கள். மறு ஆண்டே ஆஸ்திரியாவின் க்ளாக் நிறுவனம் க்ளாக் 26ஐ வெளியிட்டது. தடித்த, குட்டையான, 9 மி.மீ. தோட்டா பத்து பிடிக்கிற பிஸ்டல். 'பேபி க்ளாக்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். பெரிய துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தப் பார்த்த சட்டம், மறைக்கச் சுலபமான துப்பாக்கிகளுக்கு ஒரு தலைமுறையையே பிறக்கவைத்தது. சட்டம் 2004இல் காலாவதியானது. குட்டிப் பிஸ்டல்கள் போகவில்லை.

2008இல் ரூகர் எல்.சி.பி. வந்தது. 266 கிராம்தான் எடை. .380 என்ற சற்று வலுக் குறைந்த தோட்டா. ஜீன்ஸ் முன்பாக்கெட்டில் போட்டால் பர்ஸ் மாதிரித்தான் தெரியும். 2012இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு, 2015இல் க்ளாக் 43 என்று 9 மி.மீ. தோட்டாவையே ஒற்றை வரிசையில் அடுக்கும் மெல்லிய பிஸ்டல்கள் பெருகின. ஒல்லிதான், ஆனால் ஆறேழு தோட்டாதான் பிடிக்கும். 2018 ஜனவரியில் சிக் சாவர் நிறுவனம் பி365 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் மேகசினில் பத்து. தோட்டாக்களை முழு இரட்டை வரிசையாக அடுக்காமல் நெருக்கமாக, கொஞ்சம் விலக்கி விலக்கி அடுக்கும் ஒரு மேகசின் வடிவமைப்பில்தான் சூட்சுமம். ஓராண்டுக்கும் மேல் போட்டியாளர்களிடம் பதில் இல்லை. 2019இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் 11 தோட்டாவோடு வந்தது. அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் இந்த அளவில் ஒன்றாவது செய்தாக வேண்டியிருந்தது.

சுழற்சிப் பழக்கத்தின் வேர் இங்கேதான் என்று நினைக்கிறேன். 1970களில் மறைத்து வைத்திருக்க விரும்பியவருக்கு நாலைந்து தேர்வுகள் இருந்தன, ஒன்றை வாங்கி இருபதாண்டு வைத்திருந்தார். இன்று ஒவ்வொரு ஜனவரியும் லாஸ் வேகஸில் நடக்கும் ஷாட் ஷோ வணிகக் கண்காட்சியில் புதுசு புதுசாக வருகிறது. முந்தையது கெட்டுப்போகவில்லை. துப்பாக்கி எளிதில் தேயும் பொருளும் அல்ல. ஆகவே வீட்டில் சேர்கிறது. சேர்ந்ததை நியாயப்படுத்த ஒரு முறை தேவைப்படுகிறது.

சிறியதைச் சுடுவது சிரமம்

கடைக்குப் போகிறவர் முதலில் கையில் எடுப்பது மிகச் சிறியதைத்தான். புதிதாக வாங்குகிற பெண்களிடம் 'உங்கள் கைக்கு இது பொருத்தம்' என்று அதையே நீட்டும் விற்பனையாளர்களும் உண்டு. தப்பான ஆலோசனை. சிறியது எடுத்துப் போகச் சுலபம், சுடச் சிரமம்.

இது வெறும் இயற்பியல். ஒரே தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதைப்பின் ஆற்றல் இரட்டிப்பாகும். தோட்டா நிரப்பிய க்ளாக் 19 ஏறக்குறைய 855 கிராம். அதில் 9 மி.மீ. சுடுவது ஒரு மதிய நேரம் முழுக்கச் செய்யக்கூடியது. அரைக் கிலோகூட இல்லாத ரிவால்வரில் .38 ஸ்பெஷல் சுட்டால் இருபது முப்பது குண்டுகளுக்குள் பெருவிரலடி வலிக்க ஆரம்பிக்கும். வலித்தால் பயிற்சிக்குப் போகமாட்டோம். பயிற்சி இல்லாத ஆயுதத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவோம். கைப்பிடி குட்டையானால் சுண்டுவிரல் காற்றில் தொங்கும், குறிபார்க்கும் முன்முனையும் பின்முனையும் நெருங்கிவிடுவதால் சின்னப் பிழையும் தூரத்தில் பெரிதாகும்.

பெரிய தோட்டா வேண்டுமா என்ற பழைய சண்டை இப்போது ஓய்ந்துவிட்டது. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. தன் இரண்டு அதிகாரிகளை இழந்தது, ஐவர் காயமடைந்தார்கள். ஓர் அதிகாரி சுட்ட 9 மி.மீ. குண்டு, கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய் இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் அதன்பிறகும் சுட்டுக்கொண்டிருந்தான். எஃப்.பி.ஐ. தோட்டாவைக் குற்றம் சொல்லி, முதலில் 10 மி.மீ., பிறகு .40 அங்குலம் என்று பெரிதாகப் போனது. ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை குண்டு ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலையும் வகுத்தது. அந்த அளவுகோலை எட்டும்படி 9 மி.மீ. குண்டுகளைத் தயாரிப்பாளர்கள் மெருகேற்றினார்கள். கடைசியில் 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ.யே 9 மி.மீ.க்குத் திரும்பியது. சொன்ன காரணம் எளிது: பெரும்பாலான அதிகாரிகள் அதில்தான் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள்.

உறை, துணி, வெயில்

துப்பாக்கிக்கு 600 டாலர் கொடுப்பவர்கள் உறைக்கு 20 டாலரோடு நிறுத்திக்கொள்வார்கள். இது தலைகீழ் கணக்கு. ஹோல்ஸ்டர் என்கிற உறை செய்யவேண்டிய முதல் வேலை ட்ரிக்கரை முழுக்க மூடுவது. க்ளாக் போன்ற இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில், தற்செயலாகச் சுடாமல் தடுக்க விரலால் தள்ளும் சேஃப்டி என்ற பூட்டு கிடையாது. ட்ரிக்கரை இரண்டரைக் கிலோ அழுத்தத்தில் இழுத்தால் சுடும். இழுத்தது விரலா, தளர்ந்த தோல் உறையின் மடிப்பா, ஜாக்கெட்டின் இழுகயிற்று நுனியா என்று அதற்குத் தெரியாது. விபத்தாகத் தொடையில் சுட்டுக்கொண்டவர்களில் பலர் துப்பாக்கியை உறைக்குள் திரும்பச் செருகும்போதுதான் சுட்டுக்கொண்டார்கள். அதனால்தான் கைடெக்ஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, துப்பாக்கியின் அச்சில் அழுத்திச் செய்யும் உறைகள் இவ்வளவு பரவின. அவை மடியாது, வாய் மூடிக்கொள்ளாது. ஆனால் ஒரு மாதிரிக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது. மூன்று துப்பாக்கி சுழற்சியில் இருந்தால் குறைந்தது மூன்று நல்ல உறை வேண்டும்.

கைப்பையில் போட்டுக்கொள்வது இன்னும் மோசம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில் ஒரு கடையில், துப்பாக்கி வைக்கவென்றே தனி ஜிப் அறையோடு செய்த கைப்பையிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்துவிட்டது. அது வெடித்து, தாய் அந்த இடத்திலேயே இறந்தார்.

அடுத்து துணி. டெக்சாஸ் ஆகஸ்டில் 40 டிகிரி வெயிலில் அரைக்கால் சட்டையும் மெல்லிய டி-ஷர்ட்டும் போடுகிறவரால் பெரிய பிஸ்டலின் கைப்பிடி முட்டிக்கொண்டு தெரியாமல் மறைக்க முடியாது. முட்டித் தெரிவதை 'பிரிண்டிங்' என்பார்கள். குழலின் நீளம் மறைப்பதற்கு அவ்வளவு சிக்கல் இல்லை, அது பேன்ட்டுக்குள் போய்விடும். காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். மினசோட்டா ஜனவரியில் கதை வேறு. கனத்த கோட்டுக்கு அடியில் எதுவும் மறையும், ஆனால் கையுறையோடு ஜிப்பை இறக்கி, ஸ்வெட்டரைத் தூக்கி எடுக்க வேண்டும். அங்கே கோட்டின் வெளிப் பாக்கெட்டில் ஒரு குட்டி ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. அவசரமென்றால் பாக்கெட்டுக்குள்ளிருந்தே சுடலாம். பிஸ்டலாக இருந்தால் முதல் குண்டுக்குப் பிறகு பின்னால் நகரும் மேல்பாகமான ஸ்லைடு துணியில் மாட்டி அடைத்துக்கொள்ளும்.

ஆக, ஒரே துப்பாக்கி ஆண்டு முழுக்க ஒத்துவராது என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டாவது ஒன்று இருப்பதற்கு வேறு நல்ல காரணமும் உண்டு. ஒன்று பழுதுபார்க்கப் போயிருக்கலாம். சுட நேர்ந்துவிட்டால் போலீஸ் அதைச் சான்றாக எடுத்துப் போய்விடும், எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. இரண்டு வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று என்று ஐந்தாறைச் சுற்றுவதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

கைக்கு என்ன தெரியும்

பழகிய காரை விட்டு வேறொரு காரை ஓட்டினால் இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரை ஓடவிடுவோம். மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. நிதானமாக இருக்கும்போதே இப்படி.

துப்பாக்கிகளின் கட்டுப்பாடுகள் அந்த அளவுக்கு முரண்பட்டவை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911 பிஸ்டலில் சேஃப்டி நெம்புகோலைக் கீழே தள்ளினால் சுடத் தயார். அமெரிக்க ராணுவம் அதற்குப் பதிலாக 1985இல் ஏற்ற பெரெட்டாவில் அதே நெம்புகோலைக் கீழே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், மேலே தள்ள வேண்டும். க்ளாக்கில் அப்படி ஒன்றே இல்லை. ரிவால்வரில் ட்ரிக்கரை நீளமாக, கிட்டத்தட்ட ஐந்து கிலோ அழுத்தத்தில் இழுக்க வேண்டும். க்ளாக்கில் பழகிய விரல் பாதி தூரத்திலேயே குண்டு போயிருக்கும் என்று எதிர்பார்க்கும். ரிவால்வரில் பழகிய விரல் 1911இல் தொட்டதும் சுட்டுவிடும். கைப்பிடியின் சாய்வு மாறினாலும் கண்ணுக்கு முன் தூக்கும்போது முனை மேலேயோ கீழேயோ பார்க்கும். இன்று முக்கால் கிலோ பிஸ்டல், நாளை கால் கிலோ, அடுத்த நாள் ரிவால்வர் என்று சுற்றுகிறவர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவராக இருப்பார்.

பயிற்சியாளர்கள் சிலர் இங்கே ஹிக் விதியை இழுப்பார்கள். தேர்வுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று வில்லியம் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1952இல் காட்டியது அது. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. இடுப்பில் ஒன்றுதானே இருக்கிறது, அந்த நொடியில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? சிக்கல் தேர்வில் இல்லை. ஒரு பழக்கம் இன்னொரு பழக்கத்தில் தலையிடுகிறது.

அப்படித் தலையிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சுழற்சியோடு நேரடித் தொடர்பில்லாத, ஆனால் கையைப் பற்றிப் பேசும் ஒரு வழக்கு இருக்கிறது. 2021 ஏப்ரலில் மினசோட்டாவின் புரூக்ளின் சென்டரில், 26 ஆண்டு அனுபவமுள்ள போலீஸ் அதிகாரி கிம் பாட்டர், மின்னதிர்ச்சி தரும் டேசரை எடுப்பதாக எண்ணித் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். 20 வயது டான்டே ரைட் இறந்தார். டேசர் இடப்பக்கம், துப்பாக்கி வலப்பக்கம். டேசர் மஞ்சள், துப்பாக்கி கறுப்பு. எடை வேறு, பிடி வேறு. வாய் 'டேசர், டேசர்' என்று கத்திக்கொண்டிருக்க, கை அதிகம் பழகியதைச் செய்துவிட்டது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. நூலகம்போல அமைதியான சுடுதளத்தில் வாரமொரு முறை ஐம்பது குண்டு சுடும் ஒருவர், தன் கை இதைவிட நன்றாக நடந்துகொள்ளும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

எடுத்து வைப்பதில் உள்ள ஆபத்து

பலரும் கவனிக்காத இன்னொன்று. துப்பாக்கி உறைக்குள் அசையாமல் இருக்கும்வரை சாதுவான பொருள். ஆபத்து அதைக் கையாளும்போது. தினம் மாற்றுகிறவர் தினமும் ஒன்றிலிருந்து தோட்டாவை இறக்குகிறார், இன்னொன்றில் ஏற்றுகிறார். காலை அவசரத்தில், தூக்கக் கலக்கத்தில். மேகசினைக் கழற்றிவிட்டு, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பரில் ஒரு குண்டு மீதி இருப்பதை மறந்து ட்ரிக்கரை இழுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. உறையோடு சேர்த்துக் கழற்றி உறையோடு சேர்த்துப் பூட்டிவைக்கிறவருக்கு இந்த அபாயம் ஏறக்குறைய இல்லை.

தோட்டாவுக்கும் இது ஆகாது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப சேம்பரில் ஏற்றினால், ஒவ்வொரு முறையும் உலோகத்தில் இடித்து, குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். அப்படி அமுங்கிய தோட்டா துப்பாக்கியையே சேதப்படுத்தலாம். புதிய தோட்டாவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

மறதி வேறு. 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் பயணிகளின் கைப்பைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் 'பையில் இருப்பதை மறந்துவிட்டேன்' என்பதுதான். தன்னிடம் இன்று எது இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு நாளும் மாறுகிறவருக்கு மறக்க வாய்ப்பு அதிகம்.

சுழற்சியில் இன்று முறை வராதவை எங்கே இருக்கின்றன என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த சுமார் 46,700 பேரில் பாதிக்கு மேல் தற்கொலை. பூட்டாத இழுப்பறையில் கிடக்கும் இரண்டாவது, மூன்றாவது துப்பாக்கியை, வழிப்பறிக்காரனைவிட முதலில் கண்டுபிடிப்பது வீட்டில் மனம் உடைந்திருக்கும் ஒருவராகவோ பள்ளிக்கூடப் பையனாகவோ இருக்கலாம். அலுவலகத்தில் அனுமதி இல்லாததால் கார் டேஷ்போர்டில் விட்டுப் போகும் பழக்கம் திருடர்களுக்குச் சாதகம்.

மாநில எல்லையைத் தாண்டினால்

ஒரு மாநில உரிமம் இன்னொன்றில் செல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2013இல் பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஒரு பெண், பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சியில் போக்குவரத்துப் போலீசிடம் தானாகவே 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது' என்று சொன்னார். கைது, சிறைத் தண்டனை அச்சம் என்று அலைந்து, 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்புத் தந்த பிறகே மீண்டார்.

துப்பாக்கியின் வகையும் எல்லையில் மாறும். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில் மேகசினுக்கு 10 தோட்டா வரம்பு. கொலராடோவில் 15. நியூ ஜெர்சியில், உடம்பில் பட்டதும் விரியும் குழிமுனைத் தோட்டாவை வீட்டுக்கு வெளியே எடுத்துப் போகத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. கடைகளில் விற்கக்கூடிய கைத்துப்பாக்கிகளுக்குக் கலிபோர்னியா தனக்கென ஓர் அங்கீகாரப் பட்டியல் வைத்திருக்கிறது. 2013 முதல் ஏறக்குறைய பத்தாண்டுகள் அதில் புதிய பிஸ்டல் மாதிரி எதுவும் ஏறவில்லை. பக்கத்து நெவாடாவில் ஐந்தாம் தலைமுறை க்ளாக் விற்க, கலிபோர்னியாக் கடைகளில் 1990களின் கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறையைத்தான் சாதாரண ஆள் வாங்க முடிந்தது. 15 தோட்டா பிடிக்கும் பிஸ்டலில் பத்துதான் போட முடியும் என்ற மாநிலங்களில், சிறிய உடம்பிலேயே பத்து பிடிக்கும் பி365 வகைக்கு மவுசு இருப்பதில் வியப்பில்லை. 1994இன் கணக்கு இங்கே இன்னும் முடியவில்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு நிறுவனங்களே ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒரே குடும்பத்தில் பெரியதும் சிறியதுமாக இரண்டை எடுத்துக்கொள்வது. க்ளாக் 19உம் 26உம் ஒரே ட்ரிக்கர், ஒரே சாய்வு, ஒரே மாதிரி பொத்தான். 19இன் மேகசின் 26இல் செருகும். பி365இல் இன்னும் ஒரு படி. அதில் சட்டப்படி 'துப்பாக்கி' என்று கருதப்படுவது, வரிசை எண் பொறித்த ஒரு சின்ன உலோகச் சட்டகம் மட்டும். பிளாஸ்டிக் கைப்பிடியையும் ஸ்லைடையும் மாற்றி, அதே துப்பாக்கியைக் கோடைக்குக் குட்டையாகவும் குளிருக்கு நீளமாகவும் ஆக்கலாம். ட்ரிக்கர் மாறாது. ரிவால்வரும் 1911உம் க்ளாக்கும் பெரெட்டாவும் கலந்து சுற்றுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

இந்த ஒழுங்கைச் சட்டத்தாலும் வற்புறுத்தலாம் என்பதற்கு டெக்சாஸ் ஒரு காலத்தில் உதாரணமாக இருந்தது. ரிவால்வரில் சுட்டுத் தேர்ந்தவர் பிஸ்டல் எடுத்துப் போகக் கூடாது என்று உரிமத்திலேயே பிரித்துப் போட்டிருந்தார்கள். 2013இல் அந்தப் பிரிவை எடுத்தார்கள், 2021இல் உரிமத் தேவையையே எடுத்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் இன்றும் உரிமத்தில் குறிப்பிட்ட துப்பாக்கிகளின் விவரம் இருக்கும். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு துப்பாக்கியையும் சுடுதளத்தில் தனித்தனியாகச் சுட்டு, பாதுகாப்பாகக் கையாளத் தெரியும் என்று காட்ட வேண்டும். ஐந்தைச் சுற்ற ஆசைப்பட்டால் ஐந்திலும் தேர வேண்டும். துப்பாக்கி ஆர்வலர்கள் அதிகம் திட்டித் தீர்க்கும் மாநிலம் இதுதான். சுழற்சி வேண்டாம் என்று அவர்களுடைய சொந்தப் பயிற்சியாளர்கள் கெஞ்சிக் கேட்பதை ஏறக்குறைய நடைமுறையாக்கியிருப்பதும் இதே மாநிலம்தான்.